இரத்தம் நின்றுவிட்டது, அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா?

கேள்வி: எங்கள் அப்பாவுக்கு 61 வயது. பல வருடங்களாக வெற்றிலையும் புகையிலையும் போட்டவர். 2018இல் நாக்கின் அடியில் புற்றுநோய் என்று சொல்லி, வலப்பக்கக் கழுத்து முடிச்சுகளோடு சேர்த்து வெட்டி எடுத்தார்கள். பிறகு மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் 35 தடவை கதிர்ச் சிகிச்சை நடந்தது. இத்தனை காலமும் நன்றாக இருந்தார். இரண்டு மாதமாக அதே பக்கக் கழுத்தில் ஆறாத ஒரு புண். அதன் வழியே எச்சில் கசிகிறது. போன ஞாயிறு காலை அந்தப் புண்ணிலிருந்தும் வாயிலிருந்தும் ஒரு துவாய் நனையும் அளவுக்கு இரத்தம் வந்து, பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிட்டது. வாட்டில் ஸ்கேன் எடுத்துவிட்டு, கழுத்துப் பெரிய நாடி பழுதாகிவிட்டது, ஸ்டென்ட் வைக்க வேண்டும் அல்லது நாடியை அடைக்க வேண்டும் என்கிறார்கள். அடைத்தால் மூளைக்கு இரத்தம் எப்படிப் போகும்? இரத்தம் வந்த ஆளுக்கு ஏன் இரத்தத்தை இளக்கும் குளிசை? புற்றுநோய்க் கட்டியே இல்லை என்ற பிறகு, இத்தனை வருடம் கழித்து இது ஏன் வந்தது? அப்பா, “இரத்தம்தான் நின்றுவிட்டதே, கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போ” என்று பிடிவாதமாக நிற்கிறார். என்ன செய்வது?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். மற்றக் கேள்விகளுக்குப் போகுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். கதிர் பட்ட கழுத்தில் முதலில் வரும் சிறு இரத்தக் கசிவு தானாக நிற்பதுதான் வழக்கம். நாடிச் சுவரிலுள்ள ஓட்டையின் வாயில் ஓர் இரத்தக்கட்டி ஒட்டிக்கொண்டதால் நின்றிருக்கிறது, ஓட்டை அப்படியே இருக்கிறது. ஓர் இருமல், ஓர் ஓங்காளிப்பு, குருதி அமுக்கம் ஏறும் ஒரு கணம் போதும், கட்டி விலகிவிடும். அடுத்த தடவை சில மணி நேரத்திலும் வரலாம், சில நாட்களிலும் வரலாம். அது துவாயோடு நிற்காது. இந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் நேரம். சோதனை செய்து, யோசித்து, அளவான சாமானைத் தேடி எடுத்துச் சிகிச்சை செய்ய இப்போது முடியும். பீறிட்ட பிறகு யோசிக்க நேரம் இராது.

இத்தனை வருடம் கழித்து ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமான அளவு 70 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு). நாளுக்கு 2 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாள், ஏழு வாரம். உங்கள் அப்பாவின் 35 தடவை என்பது பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான். பெரிய நாடிகளின் சுவருக்கும் சாப்பாடு வேண்டும். அதன் வெளிப்படையில் மயிர் போன்ற நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன, சுவரின் பெரும்பங்கு அவற்றை நம்பித்தான் உயிர் வாழ்கிறது. கதிர் அந்த நுண்குழாய்களை வருடக்கணக்கில் மெல்ல மெல்ல அடைத்துவிடுகிறது. சத்திர சிகிச்சையில் முடிச்சுகளை வழித்தெடுக்கும்போது அதே வெளிப்படை ஏற்கெனவே உரிந்திருக்கும், நாடியைப் போர்த்திக் காக்கும் கழுத்துத் தசையும் சிலருக்கு அகற்றப்பட்டிருக்கும். இந்த நிலையில் ஒரு புண் வந்து, அதன் வழியே எச்சில் வடிகிறது. எச்சிலின் நொதிகளும் வாயின் கிருமிகளும் இரவு பகலாக அந்த மெலிந்த சுவரைக் கரைக்கின்றன. புற்றுநோய்க் கட்டி திரும்பாமலே இது நடக்கும். ஆனாலும் புண்ணிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்களா என்று கேளுங்கள், ஏனென்றால் ஆறாத புண்ணுக்குள் கட்டி ஒளிந்திருப்பதும் உண்டு. துண்டு எடுப்பதை நாடியைப் பாதுகாத்த பின் தியேட்டரில்தான் செய்ய வேண்டும். வாட்டில் வைத்துப் புண்ணைக் கிளறவோ இரத்தக்கட்டியைத் துடைத்தெடுக்கவோ யாரையும் விடாதீர்கள்.

ஸ்கேன் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் அனுப்பவில்லை. நாடியிலிருந்து பக்கவாட்டில் புடைத்த ஒரு சிறு பை, நாடியைச் சுற்றிக் காற்றுக் குமிழ்கள், சுவர் கரடுமுரடாகியிருத்தல், நாடியே புண்ணின் தரையாகத் தெரிதல், இவற்றில் எது இருந்தாலும் அது அபாயக் குறி. எந்த நாடி என்பதும் மிக முக்கியம். கழுத்தில் மேலேறும் பொதுக் கழுத்து நாடி தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. உட்கழுத்து நாடி மூளைக்குப் போகிறது. வெளிக்கழுத்து நாடி முகம், நாக்கு, தொண்டைக்குப் போகிறது. இரத்தம் வெளிநாடியின் கிளையிலிருந்து, உதாரணமாக நாக்குக்குப் போகும் கிளையிலிருந்து வந்திருந்தால், உங்கள் கவலை பாதி தீர்ந்தது. அதைக் கொயில் (சுருளும் மெல்லிய கம்பி) போட்டு அடைத்துவிடலாம், முகத்துக்கு மறுபக்கத்திலிருந்து இரத்தம் வந்துவிடும். அங்கேயும் கவனம் வேண்டும்: வெளிநாடியின் சில கிளைகளுக்குக் கண்ணோடும் பின்மூளை நாடியோடும் இணைப்பு இருப்பதால், அடைக்க விடும் பசையோ துகளோ தவறான இடத்துக்குப் போனால் பார்வை போகும், பாரிசவாதம் வரும். வாட்டில் சொன்னதைப் பார்த்தால் உங்கள் அப்பாவுக்குப் பழுதானது பொது நாடி அல்லது உள்நாடி. அப்படியே வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

கழுத்தைத் திறந்து நாடியைக் கட்டிவிடுவதுதான் பழைய வழி. கதிர் பட்ட, கிருமி ஏறிய கழுத்தில் தையல் பிடிக்காது. அவசரத்தில் அப்படி நாடி கட்டப்பட்டவர்களில் 100க்கு 40 பேரளவில் இறந்தார்கள், தப்பியவர்களில் பலருக்குக் கைகால் விழுந்தது. அதனால்தான் இப்போது தொடை இடுக்கின் நாடி வழியே குழாயை விட்டு, உள்ளேயிருந்து சரிசெய்கிறார்கள். உள்ளேயிருந்து செய்யவும் இரண்டே வழிதான்: நாடியை நிரந்தரமாக அடைப்பது, அல்லது உறை போட்ட ஸ்டென்டை வைத்து ஓட்டையை மூடி, ஓட்டத்தைக் காப்பது.

அடைத்தால் மூளைக்கு என்ன நடக்கும்? மூளைக்கு நான்கு நாடிகள் போகின்றன, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அவை மூளையின் அடியில் ஒரு வளையமாகச் சந்திக்கின்றன. வில்லிசின் வளையம் என்று அதற்குப் பெயர். வளையம் முழுமையாக இருந்தால் வலப்பக்க நாடியை அடைத்தாலும் இடப்பக்கம் ஈடுகொடுக்கும். ஆனால் குறையில்லாத முழு வளையம் பாதிப் பேருக்கும் குறைவாகவே இருக்கிறது. யாருக்கு இருக்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்தச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் குடும்பத்தின் உதவி தேவைப்படும். அப்பா விழித்திருப்பார். இடுக்கில் மரக்கும் ஊசி மட்டும் போடுவார்கள். இரத்தம் உறையாதிருக்க ஹெபரின் கொடுத்து, உட்கழுத்து நாடிக்குள் ஒரு சிறு பலூனை ஊதி ஓட்டத்தை நிறுத்துவார்கள். 20 முதல் 30 நிமிடம் அது ஊதியபடி இருக்கும். அந்த நேரம் முழுவதும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை, பெயர் கேட்பார்கள், எண்ணச் சொல்வார்கள், கையைத் தூக்கி வைத்திருக்கச் சொல்வார்கள். வலப்பக்க நாடியை மூடினால் இடது கைதான் முதலில் சோரும். ஆகவே இடது கையில் அமுக்கினால் சத்தம் போடும் ஒரு இறப்பர் பொம்மையைக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். சத்தம் நின்றால் அந்தக் கணமே பலூனைச் சுருக்கிவிடுவார்கள். கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மருந்தால் குருதி அமுக்கத்தை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தும் பார்ப்பார்கள். பின்னாளில் காய்ச்சலிலோ வயிற்றோட்டத்திலோ அமுக்கம் இறங்கும்போது மூளை தாங்குமா என்று அறிவதற்காக. கூடவே மறுபக்க நாடியில் சாயம் விட்டுப் படம் எடுப்பார்கள். இரண்டு பக்க மூளையிலும் நாளங்கள் (இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்) ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரு செக்கனுக்குள், தெரிந்தால் நல்லது. இரண்டு மூன்று செக்கன் பிந்தினால் அடைப்பது ஆபத்து.

இங்கேதான் மொழி குறுக்கே வரும். உங்கள் அப்பாவுக்கு நாக்கு வெட்டியதால் பேச்சுத் தெளிவில்லாமல் இருக்கும். சோதனை அறையில் தமிழ் தெரிந்தவர் இல்லாமலும் இருக்கலாம். கேள்வி விளங்காமல் சும்மா கிடப்பதும், மூளைக்கு இரத்தம் போகாமல் சும்மா கிடப்பதும் வெளியே பார்க்க ஒரே மாதிரித்தான். ஆகவே தமிழ் பேசும் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கும்படி முதல் நாளே கேளுங்கள். “ஆம்” என்றால் பெருவிரல், “இல்லை” என்றால் முஷ்டி, “தலை சுற்றுகிறது” என்றால் இரண்டு விரல் என்று அப்பாவோடு பேசிப் பழக்கிவிடுங்கள். அதை ஒரு தாளில் எழுதி வைத்தியரிடமும் கொடுங்கள். கண்ணாடி போடுபவராக இருந்தால் அதையும் கொடுத்தனுப்புங்கள்.

சோதனையில் தேறினாலும் பாரிசவாதம் வரவே வராது என்று உறுதி சொல்ல முடியாது. சிலருக்கு மணிக்கணக்கில், நாட்கணக்கில் பிந்தி வருகிறது. சோதிக்காமல் அடைத்தால் நான்கில் ஒருவருக்கு வரும் ஆபத்தை, சோதனை வெகுவாகக் குறைக்கிறது என்பதே உண்மை.

அடைப்பது என்று முடிவானால் எப்படி அடைக்கிறார்கள் என்பதும் முக்கியம். 1970களில் மொஸ்கோவில் செர்பினென்கோ என்ற நரம்பியல் சத்திர சிகிச்சை நிபுணர் கழன்று உள்ளே தங்கும் பலூனைக் கொண்டு இதைத் தொடங்கினார். இன்று பெரும்பாலும் பிளாட்டினக் கொயில்கள், கம்பி வலையாலான அடைப்பான்கள். ஓட்டைக்குக் கீழே மட்டும் அடைத்தால் போதாது. வளையத்தின் வழியே இரத்தம் மேலிருந்து திரும்பி இறங்கி அதே ஓட்டையால் பீறிடும். அதனால் முதலில் ஓட்டைக்கு மேலே, பிறகு கீழே என்று இரண்டு பக்கமும் அடைக்க வேண்டும். பிரியும் இடத்துக்கு அருகே என்றால் வெளிநாடியையும் சேர்த்து அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கிளை வழியே இரத்தம் திரும்பிவரும். ஓட்டைக்கு நேரே திறந்த புண்ணுக்குள் கொயிலைக் குவித்தால் அது மாதங்கள் கழித்துப் புண் வழியே வெளியே எட்டிப் பார்க்கும். அப்படி ஒரு கம்பி தெரிந்தால் இழுக்காதீர்கள். அடைத்த பிறகு ஒரு நாளாவது தட்டையாகப் படுக்க வைத்து, நீர் ஏற்றி, குருதி அமுக்கம் இறங்காமல் பார்ப்பார்கள். அமுக்கத்துக்கு வழக்கமாகப் போடும் குளிசையை அந்த நாட்களில் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. முதல் தடவை எழுந்து உட்காரும்போது படிப்படியாகத் தலையை உயர்த்த வேண்டும்.

ஸ்டென்ட் என்றால் இதயத்துக்கு வைக்கும் வலைக்கம்பி போன்றதல்ல. வலையின் மேல் பி.ரி.எஃப்.ஈ. என்ற மெல்லிய உறை போர்த்திய குழாய். பொதுக் கழுத்து நாடியின் அகலம் 6 முதல் 8 மில்லிமீற்றர், உள்நாடி அதைவிடச் சிறியது. ஸ்டென்ட் நாடியைவிட ஒரு மில்லிமீற்றர் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், ஓட்டைக்கு இருபுறமும் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாமல் நல்ல சுவரில் பிடிக்க வேண்டும். பிரியும் இடத்தில்தான் சிக்கல். கீழே அகலம், மேலே ஒடுக்கம், ஒரே குழாய் இரண்டுக்கும் பொருந்தாது. பொருந்தாவிட்டால் ஓரத்தால் இரத்தம் நாடியிலிருந்து புடைத்த பையினுள் நுழையும். அந்த இடத்தில் வைக்க வேண்டியிருந்தால் முதலில் வெளிநாடியின் தொடக்கத்தைக் கொயிலால் அடைத்துவிட்டுத்தான் ஸ்டென்டை விரிக்க வேண்டும். பலூனை ஊதும்போது இதயத் துடிப்பு திடீரென்று குறையும், அதற்குத் துடிப்பைக் கூட்டும் அற்றோபின் மருந்தைக் கையில் ஆயத்தமாக வைத்திருப்பார்கள். உள்ளே விடும் உறைக்குழாய் பாதிப் பென்சில் தடிப்பு இருக்கும், ஆகவே இடுக்கில் கட்டிப்போன இரத்தத்தால் சில நாள் நீலம் பாரிக்கும்.

இப்போது இரத்தத்தை இளக்கும் குளிசை. உறையோடு கூடிய உலோகம் இரத்தத்தில் கிடந்தால் அதன் மேல் இரத்தக்கட்டி படியும். படிந்தது கழன்றால் நேரே மூளைக்குப் போகும். அதைத் தடுக்கத்தான் அஸ்பிரினும் குளோப்பிடோகிரலும். தொடக்கத்தில் ஒவ்வொன்றும் 300 மில்லிகிராம், பிறகு நாளுக்கு அஸ்பிரின் 75 முதல் 100, குளோப்பிடோகிரல் 75. இரண்டையும் சேர்த்துக் குறைந்தது ஒன்று முதல் மூன்று மாதம், பிறகு அஸ்பிரின் தொடர்ந்து என்பது பொதுவான முறை. உங்கள் அப்பாவுக்கு உரிய அளவை அவருடைய வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். ஓட்டை மூடப்பட்ட பிறகு இந்தக் குளிசையால் பழைய இடம் பீறிடுவதில்லை, புண்ணின் ஓரம் கொஞ்சம் அதிகமாகக் கசியலாம். கசிகிறது என்று பயந்து நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடும். வயிற்றுக் குழாய் வழியே மருந்து கொடுப்பவராக இருந்தால் இன்னும் இரண்டு விடயங்கள். குடலில் கரையும்படி மேற்பூச்சுப் பூசிய அஸ்பிரினை இடித்துக் கொடுக்கக் கூடாது, தண்ணீரில் கரையும் வகையைக் கேட்டு வாங்குங்கள். இரைப்பைக்கு ஒமிப்ரசோல் கொடுப்பதாக இருந்தால் பன்டோப்ரசோலாக மாற்றலாமா என்று கேளுங்கள். ஒமிப்ரசோல் குளோப்பிடோகிரலின் வேலையைக் குறைக்கும்.

இரண்டில் எது? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், ஸ்கேனைப் பார்க்காமல் சொல்வது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எச்சில் வடியும், கிருமி பிடித்த திறந்த புண்ணில் நாடி கிடக்கிறது என்றால், சோதனையில் தேறியவருக்கு அடைப்பதே நல்லது. ஸ்டென்ட் அந்நியப் பொருள். சீழுக்குள் கிடக்கும் ஸ்டென்டில் கிருமி ஏறும், அது அடைபடும், அல்லது அதன் நுனியில் சுவர் மறுபடி கிழியும். சோதனையில் தேறாதவருக்கும், மறுபக்க நாடி ஏற்கெனவே ஒடுங்கியவருக்கும், சோதிக்க நேரமில்லாமல் பீறிடுபவருக்கும் ஸ்டென்ட் உயிர் காக்கும். அதை ஒரு பாலமாக நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய இரத்தத்தை நிறுத்தி, அடுத்த வேலைக்கு நேரம் வாங்கித் தரும்.

அந்த அடுத்த வேலையைத்தான் பல குடும்பங்கள் கேட்க மறக்கின்றன. ஸ்டென்டோ கொயிலோ குழாயைத்தான் சரிசெய்கிறது. குழாயை அரித்த புண் அங்கேயே இருக்கிறது, எச்சில் இன்னும் வடிகிறது. கதிர் படாத இடத்திலிருந்து, பெரும்பாலும் நெஞ்சிலிருந்து, தசையையும் தோலையும் அதன் இரத்தக் குழாயோடு திருப்பிக் கொண்டுவந்து நாடியைப் போர்த்த வேண்டும். எச்சிலை வேறு வழி திருப்ப வேண்டும், வாயால் சாப்பாடு நிறுத்தி வயிற்றுக் குழாயால் ஊட்ட வேண்டும், புண்ணின் கிருமியை வளர்த்துப் பார்த்து வாரக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மறுபடி இரத்தம் வரும். செய்தாலும் நான்கில் ஒருவரளவில் வருகிறது, சில வேளை கதிர் பட்ட மறுபக்கத்திலிருந்தும் வருகிறது. ஆகவே ஸ்டென்டோ அடைப்போ செய்யும் கதிரியல் நிபுணரிடம் பேசிய அதே நாளில் சத்திர சிகிச்சை நிபுணரிடமும் “புண்ணை எப்போது மூடுவீர்கள்?” என்று கேளுங்கள்.

இன்றிரவே வாட்டில் உறுதி செய்ய வேண்டியவை: இரண்டு கையிலும் தடித்த ஊசி போட்டிருக்கிறதா, குருதி வகை பார்த்துப் பொருத்திய இரத்தம் ஒதுக்கியிருக்கிறதா, கட்டிலருகே உறிஞ்சும் கருவி வேலை செய்கிறதா, பீறிட்டால் மூச்சுக்குழாயை யார் பாதுகாப்பார்கள். இந்த நோயில் பலர் இரத்த இழப்புக்கு முன்பே இரத்தம் மூச்சுக்குழாயில் இறங்கி மூச்சடைத்துப் போகிறார்கள். அதனால் முன்கூட்டியே தொண்டையில் துளையிட்டு, சுற்றிலும் காற்றால் ஊதும் பலூன் உள்ள குழாய் போடலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. இரத்தத்துக்கு ஆள் தேடி அலைய வேண்டாம், இலங்கையில் குருதி வங்கி முழுக்கத் தன்னார்வக் கொடையில் நடக்கிறது. உரிய அளவு ஸ்டென்ட் கையிருப்பில் இல்லாமல் வெளியே வாங்கச் சொன்னால், அகலத்தையும் நீளத்தையும் மில்லிமீற்றரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தக் காசு வரும் வரை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பின் மறுபடி இரத்தம் வந்தால்: கழுத்திலிருந்து என்றால், மடித்த சுத்தமான துணியை வைத்து, வரும் புள்ளியின் மேலேயே நான்கு விரலால் முதுகெலும்பை நோக்கி அழுத்துங்கள். மூச்சுக்குழாயை அழுத்த வேண்டாம், கழுத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டாம். நின்றதா என்று எடுத்துப் பார்க்காதீர்கள். வாயிலிருந்து என்றால் முன்னுக்குச் சாய்த்து இருத்துங்கள், மயங்கினால் இரத்தம் வரும் பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், விழுங்க விடாதீர்கள். இன்னொருவர் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து, “கழுத்தில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர், கழுத்து நாடி வெடித்திருக்கிறது” என்று சொல்லட்டும். மஹரகமவுக்குக் கொண்டுபோக நினைத்து நெரிசலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து தேசிய வைத்தியசாலை கிட்ட. அழுத்திய கையை இன்னொரு கை வாங்கும் வரை எடுக்காதீர்கள். கதிர் எத்தனை கிரே, எந்தப் பக்கம், என்ன வைத்திருக்கிறார்கள், என்ன குளிசை என்று எழுதிய ஒரு தாள் எப்போதும் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, எழுதக் கஷ்டமாக இருந்தாலும் எழுத வேண்டும். புண்ணில் கட்டி திரும்பியிருக்கிறது, இனி மாற்ற வழியில்லை என்று தெரிய வந்தால், எல்லாச் சிகிச்சையும் செய்யத்தான் வேண்டும் என்று இல்லை. ஸ்டென்ட் வைத்து அமைதியான சில வாரங்களை வாங்குவதும் ஒரு முடிவு. பீறிட்டால் உறங்க வைக்கும் மருந்தைத் தாதி உடனே போட, கருநிற விரிப்பும் துவாயும் போர்த்தி, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதும் ஒரு முடிவு. வெள்ளைத் துணியில் இரத்தம் பயங்கரமாகத் தெரியும், கருநிறத்தில் அந்தப் பயம் நோயாளிக்கும் உங்களுக்கும் குறையும். எது வேண்டும் என்பதை அப்பாவிடம் அவர் தெளிவாக இருக்கும் இப்போதே கேளுங்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிப்பதன் பின்னால் இந்த விடயமும் இருக்கக்கூடும். துண்டுச் சோதனை முடிவும் ஸ்கேன் அறிக்கையும் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள், அவற்றைப் பார்த்து மேற்கொண்டு எழுதுகிறேன்.